இரண்டாம் சரணம்

மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு காலத்தில் ஜீவானந்தத்தின் மைக் செட்டுக்கு நாள் கேட்டுவிட்டுத்தான் கல்யாணத்துக்கே நாள் குறித்தார்கள். இன்றைக்குச் சொன்னால் அவன் மருமகளே நம்புவதில்லை. ஐம்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு, இடது காது கொஞ்சம் மந்தம். வீட்டின் பின்னறையில் ஆயிரத்து நானூறு கேசட்டுகள் வைத்திருக்கிறான். ஒன்றின் மேலும் பாட்டுப் பெயரோ படப் பெயரோ கிடையாது. எல்லாவற்றிலும் வெறும் எண்கள்.

அப்பாவுக்கு மூன்று ஏக்கர் சாமைக் கொல்லையும் ஒன்பது புளியமரமும் இருந்தன. எட்டாவதோடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் மலையை விட்டு இறங்கித் திருப்பத்தூரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தக் கடைகள் எப்படி நடந்தன என்பதை இப்போது விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். வெற்றுக் கேசட் ஒன்றை வாங்கிக் கொடுத்தால், இசைத்தட்டிலிருந்தோ வேறு கேசட்டிலிருந்தோ ஒவ்வொரு பாட்டாகப் பதிந்து கொடுப்பார்கள். இரண்டு நாள் ஆகும். முகூர்த்த மாதம் என்றால் ஒரு வாரம். பன்னிரண்டு பாட்டுக்காக ஒரு வாரம் காத்திருந்த ஆள் கேசட்டைக் கையில் வாங்கும்போது அவர் முகம் மாறும். ஜீவானந்தம் ஏழு வருடம் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு முன்னால் மற்றவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அங்கே அவன் கற்றுக்கொண்டது அதைத்தான்.

தொண்ணூறாம் வருடம் மலைக்குத் திரும்பினான். கூடவே ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், இரண்டு கேசட் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பதிகிற ஒரு டபுள் டெக், அட்டைப்பெட்டி நிறைய கேசட். தொழிலில் கூட நின்றவன் சின்னதம்பி. ஏரிக்கொல்லைக்காரன், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஜீவானந்தத்துக்கு உயரம் என்றால் தலை சுற்றும். சின்னதம்பி எந்த மரத்திலும் ஏறுவான். இருப்பதிலேயே உயரமான மரத்தின் உச்சியில், எதிர் மலைக்குக் கேட்கிற மாதிரி குழாயைத் திருப்பிக் கட்டிவிட்டு இறங்குவான். இறங்கியதும் டெக் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு பாட்டு கேட்பான். பாட்டு வரும் திசையை வைத்தே எந்த ஊரில் கல்யாணம் என்று ஜனங்கள் சொல்லிவிடுவார்கள்.

அப்போது மலைமேல் ரேடியோ சரியாக எடுக்காது. ஒரு புதுப் பாட்டு தானாக மலை ஏற ஐந்தாறு மாதம் பிடிக்கும். ஜீவானந்தம் ஏற்றினால் ஆறே நாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குவான். திருப்பத்தூரில் கிடைக்காததை வேலூரில் தேடுவான், வேலூரில் இல்லாததைப் பெங்களூர் வரை போய்த் தேடுவான். நடைபாதைக் கடைகளில் குனிந்து நின்று, டீக்கடை ஸ்பீக்கரில் கேட்ட இரண்டு வரியைக் கடைக்காரரிடம் பாடிக் காட்டி, “இது எந்தப் படங்க?” என்று கேட்பான். சிரிப்பார்கள். அவன் கவலைப்பட்டதில்லை. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கேசட்டின் மேலட்டையைக் கிழித்துப்போட்டு, ஒட்டியிருக்கும் தாளை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டு எண் போடுவான். எந்த எண்ணில் எந்தப் பாட்டு என்பது அவன் தலையில் மட்டும் இருந்தது. கூடவே இருந்த சின்னதம்பிக்கும் தெரியாது. யாராவது பெயரைப் பார்த்துக்கொண்டு போய் அதே கேசட்டை வாங்கிவிட்டால் என்ன ஆவது?

இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் கேசட் தொண்ணூற்று இரண்டில் வந்தது.

வேலூரில் சந்தியாகப்பன் என்பவர் பழைய இசைத்தட்டுகளிலிருந்து பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கடையை மூடப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஜீவானந்தம் போனான். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து தட்டு தட்டாகப் போட்டுக் கேட்டான். மூன்றாவது நாள் மத்தியானம் அந்தப் பாட்டு வந்தது. ஒரு வாரம்கூட ஓடாத ஒரு படத்தின் பாட்டு. பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது பாடுவது. முதல் சரணத்தில் அம்மா பேசுகிறாள். இரண்டாம் சரணத்தில் பெண் அவளுக்குப் பதில் சொல்கிறாள்.

“இந்தப் பாட்டு வேற யார்கிட்டயாவது கீதுங்களா?” என்று கேட்டான்.

“எனக்குத் தெரிஞ்சி இந்தப் பக்கத்துல இல்லப்பா. தட்டே கொஞ்சம்தான் வந்துச்சு” என்றார் சந்தியாகப்பன். அவரே பதிந்து கொடுத்தார். “பத்திரமா வச்சிக்கோ. யாராச்சும் கேட்டா நீயும் ஏத்திக் குடு” என்றார். மறுமாதம் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அந்தத் தட்டு பழைய சாமான்காரனிடம் போயிற்று.

அந்த வருடம் தை மாதம் ஒரு கல்யாணத்தில், பெண்ணை அனுப்பும் நேரம் பார்த்து ஜீவானந்தம் அதைப் போட்டான். சமையல் பக்கம் இருந்த பெண்கள்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். முதல் சரணம் வரை அடக்கிக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா, இரண்டாம் சரணம் வந்ததும் உடைந்து அழுதாள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு இல்லாமல் அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் வீட்டைவிட்டுப் போகவில்லை. “அந்தப் பாட்டு போடுவியா?” என்று கேட்டுவிட்டுத்தான் வெற்றிலை பாக்கு வைத்தார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து மைக் செட்காரர் ஒருவர் ஆள் விட்டுக் கேட்டார். கொடுக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் தன் மகளுக்காகக் கேட்டார். கொடுக்கவில்லை. மனைவி முத்தம்மாவின் சொந்த அண்ணன் கேட்டபோது, “டேப்பு தேஞ்சிரும் மச்சான்” என்றான்.

தொண்ணூற்று ஒன்பதில் சின்னதம்பி கேட்டான்.

குழாயைக் கட்டிவிட்டு மரத்திலிருந்து இறங்கி, கையில் ஒட்டிய பட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னான். “ஜீவா, நான் தனியா ஒரு செட் போடலாம்னு கீறேன்டா.”

“போடேன். யாரு வேணான்னாங்க?”

“ஏரிக்கொல்லைக்கு அந்தாண்ட கீற ஊருங்கதான். நீ போற ஊர்ப்பக்கம் நான் வரமாட்டேன்.”

“சரிடா.”

“அந்தப் பாட்டு மட்டும் ஒரு தபா ஏத்திக் குடு. மொத கல்யாணம் ஒத்துக்கினுகீறேன். அது இல்லாம போனா பொம்பளைங்க காறித் துப்புவாங்க.”

ஜீவானந்தம் கொஞ்ச நேரம் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். “தர்றேன்” என்றான்.

அவனுக்குச் சின்னதம்பி மேல் கோபம் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. ஒன்பது வருடம் மரத்தில் ஏறிய ஆளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, ‘ஜீவா கூட வர்ற ஆளு’ என்பார்கள். நாளைக்கு அந்த ஆளும் டெக்குக்குப் பின்னால் உட்காருவான், அவனும் அதே பாட்டைப் போடுவான், பெண்கள் அவனைச் சுற்றியும் நிற்பார்கள். அப்புறம் ஜீவானந்தத்திடம் மட்டும் என்ன இருக்கிறது?

ஒரு மத்தியானம் டபுள் டெக்கில் பாட்டைப் பதிந்தான். முத்தம்மா அங்கேயே உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் அவன் புதுக் கேசட்டைப் பின்னால் சுற்றினான். முதல் சரணத்துக்குப் பிறகு வரும் இடையிசை முடிகிற இடத்தில் நிறுத்தினான். எந்தச் சத்தமும் உள்ளே போகாதபடி வைத்துக்கொண்டு பதிவுப் பட்டனை அழுத்தினான். இரண்டாம் சரணம் முழுவதும் அழிந்தது.

“ஏன் மறுபடி சுத்துற?” என்றாள் முத்தம்மா.

“சரியா வுழல.”

அவள் அடுத்த புளியை எடுத்துக்கொண்டாள்.

கேசட்டைக் கல்யாணத்தன்று காலையில்தான் கொடுத்தான். ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த சின்னதம்பி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஊர் போய்ச் சேர்ந்ததும் பாட்டின் தொடக்கத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறான். நன்றாக இருந்திருக்கிறது. திரும்பச் சுற்றித் தயாராக வைத்துக்கொண்டான். கூடப் படித்தவன் கொடுத்ததை முழுவதும் சோதித்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு ஜீவானந்தமும் போனான். அழைப்பு இருந்தது, போகாவிட்டால் நன்றாக இருக்காது. தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றான். பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. பாட்டு தொடங்கியதும் பெண்கள் வந்து கூடினார்கள். முதல் சரணம் முடிந்து இடையிசை வந்தது. பெண்ணின் அம்மா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். டொக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

குழாயில் வெறும் இரைச்சல் மட்டும் வந்தது. சின்னதம்பி டெக் முன்னால் மண்டியிட்டுக் குனிந்தான். கொஞ்சம் பொறுத்தான், வருமென்று. வரவில்லை. முன்னால் ஓட்டினான். மறுபடி டொக்கென்று சத்தம் வந்து பாட்டின் கடைசி வரிகள் கேட்டன. யாரோ சிரித்தார்கள். பெண்ணின் அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “நல்ல காரியத்துல பாட்டு அறுந்துபோச்சே! இந்தப் பொண்ணு போற எடத்துல இன்னா ஆவப்போவுதோ!”

சின்னதம்பி தலையைத் தூக்கிப் பார்த்தான். கூட்டத்தில் ஜீவானந்தம் நின்ற இடத்தைச் சரியாகப் பார்த்தான். ஜீவானந்தம் தானாகவே கிட்டே போனான்.

“இன்னாடா, டேப்பு சிக்கிக்கிச்சா? ஹெட்டத் தொடச்சியா?”

“தொடச்சேன்” என்றான் சின்னதம்பி.

அடுத்து ஒப்புக்கொண்டிருந்த மூன்று கல்யாணங்களும் ஜீவானந்தத்திடம் வந்தன. அந்தப் பெண் நன்றாகத்தான் வாழ்ந்தாள், மூன்று பிள்ளைகள். ஆனால் சின்னதம்பிக்கு ‘அறுந்த பாட்டு’ என்று பெயர் வந்துவிட்டது. சந்தையில் கூப்பிடுவதே அப்படித்தான். ஒரு வருடம் காது குத்தலுக்கும் பொங்கலுக்கும் போட்டுப் பார்த்தான். அப்புறம் செட்டை விற்றுவிட்டு, குடகுக்கு எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களோடு போனான். மனைவி பச்சையம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஏரிக்கொல்லையிலேயே இருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு முறை வந்துபோனான். ஜீவானந்தத்தை வழியில் பார்த்தால் தலையசைப்பான்.

இரண்டாயிரத்து ஒன்பதில், மிளகு பறிக்க ஏறிய ஏணி வழுக்கி விழுந்து இறந்தான். மரம் ஏறுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று ஜீவானந்தம் அன்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். உடல் வருவதற்குள், சாவு வீட்டில் பாட்டுப் போட செட் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லி அனுப்பினான். பச்சையம்மாவின் தம்பி ஆனந்தன் வந்து பதில் சொன்னான்: “அக்கா வேணான்னு சொல்லிடிச்சிங்க.” துக்கத்தில் சொல்கிறாள் என்று ஜீவானந்தம் எடுத்துக்கொண்டான்.

அதற்குள் தொழிலும் தேய ஆரம்பித்திருந்தது. முதலில் எம்.பி.திரீ சி.டி. வந்தது. திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு. அவன் இரண்டு வருடம் அலைந்து சேர்த்ததை ஒருவன் டீ குடிக்கிற நேரத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறினான். ஜீவானந்தமும் சி.டி. பிளேயர் வாங்கினான். ஆனால் எல்லோரிடமும் இருக்கும் பாட்டைப் போட அவன் எதற்கு? பிறகு புதூர்நாட்டில் ராஜ்குமார் மொபைல் கடை போட்டான். விரல் நகம் அளவு மெமரி கார்டில் மூவாயிரம் பாட்டு ஏற்றித் தந்தான். எந்தப் பாட்டு வேண்டும் என்று யாரும் எழுதிக்கொண்டு வரவில்லை. “நெறய ஏத்திக் குடு” என்றார்கள். என்ன ஏற்றினான் என்று ராஜ்குமாருக்கும் தெரியாது, என்ன வாங்கினோம் என்று அவர்களுக்கும் தெரியாது.

ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் பாட்டு எந்தச் சி.டி.யிலும் இல்லை, எந்தக் கார்டிலும் இல்லை. வருடத்துக்கு நாலைந்து கல்யாணம் அதை வைத்தே அவனுக்கு வந்துகொண்டிருந்தது. ஒருநாள் ராஜ்குமார் கடையை விட்டு இறங்கி வந்து கேட்டான்.

“அண்ணா, எங்கிட்ட இல்லாத பாட்டுன்னா அது ஒண்ணுதாண்ணா. ஒரு தபா குடுத்தீங்கன்னா கம்ப்யூட்டர்ல ஏத்திக்கினு திருப்பிக் குடுத்துர்றேன்.”

“ஏத்திக்கினு? ஊருக்கெல்லாம் வாரி வுடவா?”

“நீங்க குடுக்கலன்னா இன்னா, என்னிக்காச்சும் யாராச்சும் குடுக்கத்தான் போறாங்க.”

“வரட்டும், அப்ப பாக்கலாம்” என்றான் ஜீவானந்தம். அந்தப் பேச்சை ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு நடந்தான்.

பிறகு செல்போன் டவர் வந்தது. கல்யாணங்களுக்குத் திருப்பத்தூரிலிருந்து ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர்களோடு வண்டி வந்தது. குழாய் கட்டினால் போலீஸ் கேட்கும் என்றார்கள். ஜீவானந்தத்தைக் கூப்பிட்ட கடைசிக் கல்யாணத்தில் பெண்ணை அனுப்பும்போது அவன் பாட்டைப் போட்டான். மாப்பிள்ளையின் நண்பர்கள், “பெரியவரே, தூக்கம் வருது, மாத்துங்க” என்றார்கள். அதோடு ஆம்ப்ளிஃபயரைத் துணி போட்டு மூடினான்.

மூன்று வருடம் முன்பு வேலூரிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பழைய கேசட்டுகளைச் சேர்க்கிற ஆள் என்றார். இப்போது அதற்கும் ஒரு கூட்டம் இருக்கிறதாம். ஜீவானந்தத்தின் மனைவி அன்று அவசரமாகப் பின்னறையைக் கூட்டிவிட்டாள். அவர் பத்துப் பதினைந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அட்டை எதுவுமே இல்லீங்களா?”

“நாந்தான் கிழிச்சிட்டேன்.”

“ஏங்க?”

ஜீவானந்தம் அவர் எடுத்துப் பார்த்த கேசட்டுகளை எண்படி அடுக்கினான்.

“பாட்டு எல்லாம் நெட்லயே இருக்குதுங்க. நாங்க பாக்கறது அட்டையும் லேபிளும்தான்” என்றார் அவர். கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

போன கார்த்திகையில் ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் ஜீவானந்தம் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் தேவயானி நின்றாள். திருப்பத்தூரில் நர்சிங் படிக்கிற பெண். கையில் போன் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. முதல் இசை வந்ததுமே அவன் ஒரு அடி முன்னால் நகர்ந்தான். மந்தமான காதைத் திருப்பிக்கொண்டு நல்ல காதை அந்தப் பக்கம் வைத்தான். அதே பாட்டு. டேப்பின் இரைச்சல் இல்லை, தட்டின் கீறல் இல்லை. கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முதல் சரணம் முடிந்தது. இடையிசை வந்தது. தேவயானி விரலால் தள்ளி அடுத்த பாட்டுக்குப் போனாள்.

“யம்மா, அந்தப் பாட்டு! ஏன் மாத்திட்ட?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “எதுங்க? இப்ப போச்சே அதுவா? ரொம்ப இழுவையா கீதுங்க.”

“எங்க புடிச்ச அத்த?”

“நான் எங்க புடிச்சேன்? வேற பாட்டு போட்டு வுட்டேன், முடிஞ்சதும் அதுவா வந்துச்சு.”

“மறுபடி போடும்மா. முழுசா.”

அவள் போட்டுக் கொடுத்தாள். வரிசை நகர்ந்தது, பின்னால் நின்றவர் திட்டினார், அவன் நகரவில்லை. முழுவதும் கேட்டான். யார் போட்டது என்று கேட்டதற்கு அவள் பார்த்துச் சொன்னாள். வெளிநாட்டில் இருக்கும் யாரோ, பழைய தட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு வருடம் ஆகிறது.

“எத்தினி பேரு கேட்டுகீறாங்கன்னு தெரியுமா அதுல?”

“முன்னூத்திப் பதினாலு பேருங்க.”

“லட்சமா?”

“இல்லீங்க. முன்னூத்திப் பதினாலுதான்.”

இரண்டு வருடத்தில், உலகம் முழுவதும் சேர்த்து. அதில் ஒருத்தி பாதியில் தள்ளிவிட்டதை அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான். அரிசி வாங்காமல் வீட்டுக்கு வந்தான்.

முத்தம்மா பையைப் பார்த்துவிட்டு, “கட தொறக்கலயா?” என்றாள். அவன் சொன்னான். பாட்டைப் பற்றிச் சொன்னான். பிறகு, இருபத்தைந்து வருடமாகச் சொல்லாததையும் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை.

“நீ அன்னிக்கு மறுபடி சுத்தினப்பவே எனக்கு இன்னாவோ மாதிரிதான் இருந்துச்சு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? சொல்ற எடத்துல போய்ச் சொல்லு.”

இரண்டு நாள் கழித்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் கேசட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏரிக்கொல்லைக்குப் போனான். பச்சையம்மா களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு பேரப்பிள்ளைகள். சின்னப் பெண் நதியாவுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “வாங்க” என்றாள். சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அவன் கேசட்டை எடுத்துச் சாக்கின் மேல் வைத்தான். “இது அந்தப் பாட்டு.”

அவள் பார்த்துவிட்டுப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அன்னிக்குச் சின்னதம்பி போட்ட கேசட்டு… அது டேப்பு சிக்கல. நாந்தான் அழிச்சேன். ரெண்டாவது சரணத்த.”

“தெரியும்” என்றாள் பச்சையம்மா. முறம் நிற்கவில்லை.

“யாரு சொன்னாங்க?”

“அவருதான். அன்னிக்கு வூட்டுக்கு வந்து குந்துனதுமே சொன்னாரு. டேப்பு சிக்குனா இழுத்துக்கினு போவும், கொழகொழன்னு வரும். இது டொக்குன்னு நின்னுது, மறுபடி டொக்குன்னு வந்துது. பட்டன அழுத்துனாத்தான் அப்படி வரும்னாரு. ஒம்பது வருஷம் உங்ககூட அந்தப் பொட்டிகிட்ட குந்தினுதான இருந்தாரு?”

“ஏன் என்ன வந்து கேக்கல?”

“நானும் அத்தத்தான் சொன்னேன். போய்க் கேளுன்னு. கேட்டா இல்லன்னு சொல்லுவான், அவன் அப்படிப் பொய் சொல்றத நான் எதுக்குப் பாக்கணும்னாரு. அதுக்கப்புறம் உங்க பேர வூட்ல எடுத்ததில்ல. நல்லதுக்கும் இல்ல, கெட்டதுக்கும் இல்ல.”

பழைய நாளில் வாய்க்கு வாய் அண்ணா என்று கூப்பிட்டவள். அன்று ஒருமுறைகூட அந்தச் சொல் வரவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன் பச்சையம்மா. இத்த நீ வச்சிக்க. வேற எங்கயும் இல்லாம இருந்தது இது.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கேசட்டை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். அவனிடமே நீட்டினாள்.

“இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது? போட்டுக் கேக்க வூட்ல பொட்டி கூட இல்ல. என் பொண்ணு போன்லயே அந்தப் பாட்டு கீது. கல்யாணத்துக்குப் பழைய பாட்டு ஏதாச்சும் தேடுறேன்னு தேடினா, வந்துச்சு. முழுசாக் கேட்டேன்.”

அவன் கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டான். “எப்படி இருந்துச்சு?”

“பாட்டுதான்” என்றாள். “அஞ்சு நிமிசம் வருது. இதுக்காகவா அவரு மலைய வுட்டுப் போனாருன்னு இருந்துச்சு.”

களத்தில் கோழி வந்து சாமையைக் கொத்தியது. அவள் எழுந்து விரட்டிவிட்டு வந்து, அவன் இன்னும் நிற்பதைப் பார்த்தாள்.

“கடசி பஸ்ஸு நாலரைக்குப் போய்டும். கெளம்புங்க” என்றாள்.

தையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை கொடுக்கப் பச்சையம்மாவே வந்தாள். ஜீவானந்தம் உள்ளே இருந்தான். அவள் வாசலிலேயே நின்று முத்தம்மாவைக் கூப்பிட்டு, “நீ வந்துடும்மா” என்று கொடுத்துவிட்டுப் போனாள். கல்யாணத்தன்று முத்தம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். அவன் வரட்டுமா என்று கேட்கவில்லை, அவளும் வா என்று சொல்லவில்லை.

பகல் முழுவதும் கொல்லையில் பலாக்கன்றைச் சுற்றி முள் கட்டிக்கொண்டிருந்தான். பொழுது சாயும்போது அவள் திரும்பி வந்தாள். புடவையை மாற்றி மடித்து வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள்.

“பச்சையம்மாவே வந்து எனக்கு எல போட்டுப் பரிமாறினா” என்றாள். “பொண்ணு அழகா இருந்துச்சு.”

“என்னப் பத்தி…”

“கேக்கல” என்றாள் முத்தம்மா.

அவன் கையில் குத்தியிருந்த முள்ளை விளக்குப் பக்கம் காட்டிப் பிடுங்க ஆரம்பித்தான்.